பவர் அதிகமுள்ள சாலைக் காருக்கு மாற்றுக் கிளட்ச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்போ எஞ்சினோ பெரிய எஞ்சினோ வைத்த, கையால் கியர் போடும் கார். ஓடுவது சாலையில்தான், எப்போதாவது ட்ராக்கிலும் இறங்கும். அதன் கிளட்ச் தேய்ந்ததும் எதைப் போடுவது என்று கேட்கிறவர்கள் திரும்பத் திரும்ப இதே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. அடிப்படை தெரிந்தவர்கள் 4-ஆம் கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

1. கிளட்ச் ஸ்லிப் ஆகுதான்னு நானே எப்படிப் பார்க்கிறது?

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஆள் நடமாட்டமில்லாத நேர் சாலையில், நான்காவது கியரில் 2000 ஆர்பிஎம் அளவில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். வேக முள்ளும் ஆர்பிஎம் முள்ளும் சேர்ந்தே ஏற வேண்டும். ஆர்பிஎம் முள் மட்டும் தாவி ஏற, கார் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. முதல் இரண்டு கியர்களில் ஆர்பிஎம் எப்படியும் சட்டென்று ஏறும் என்பதால் வழுக்கல் கண்ணுக்குத் தெரியாது. டர்போ கார்களில் இது பெரும்பாலும் நடு ஆர்பிஎம்மில்தான் முதலில் தலைகாட்டும், எஞ்சின் சுழற்றும் விசையான டார்க்கின் உச்சம் அங்கேதான் இருக்கிறது.

கியர் விழ மறுப்பது, ரிவர்ஸ் போட்டால் பல் உரசும் சத்தம் வருவது இதெல்லாம் வேறு கோளாறு. அங்கே கிளட்ச் பிடிக்காமல் இல்லை, சரியாக விலகவில்லை. கியர்பாக்ஸை இறக்கச் சொல்வதற்கு முன் ஹைட்ராலிக் ஆயில் அளவு, கசிவு, உள்ளே காற்று புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். அதிலேயே சரியாகிவிட்ட கார்கள் நிறைய.

2. பிளேட் மட்டும் மாத்தினா போதாதா? முழு செட்டும் எதுக்கு?

உராயும் வட்டமான கிளட்ச் பிளேட், அதை எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீல் என்ற கனச் சக்கரத்தோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அந்த அழுத்தத்தை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், மூன்றும் சேர்ந்துதான் செட். பிளேட் தேய்ந்த அதே காலத்தில் பிரஷர் பிளேட்டின் முகமும் சூடு கண்டிருக்கும், அதில் அழுத்தம் தரும் டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல் நுனிகளில் பேரிங் உரசிய பள்ளம் விழுந்திருக்கும். வேலையில் பெரும்பகுதி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதுதான். அவ்வளவு தூரம் போய்விட்டு ஒரு பழைய பேரிங்கை உள்ளேயே விட்டு மூடுவதில் எந்த லாபமும் இல்லை.

கூடவே கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் உள்ள எஞ்சினாக இருந்தால் அதையும் மாற்றுங்கள். கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல், கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றில் ஒன்று கசிந்தால் எவ்வளவு நல்ல பிளேட்டும் எண்ணெய் குடித்து வழுக்கத் தொடங்கிவிடும்.

3. என் கார் ஸ்டாக்தான், எஞ்சின்ல எதுவும் பண்ணல. அப்பவும் பெரிய கிளட்ச் போடணுமா?

வேண்டாம். கார் தயாரிப்பாளர் போட்ட அதே வகையைப் போடுங்கள். லூக், சாக்ஸ், வேலியோ, எக்ஸெடி போன்ற நிறுவனங்கள்தான் பல கார் கம்பெனிகளுக்கு முதலிலேயே கிளட்ச் செய்து தருகின்றன. உங்கள் காரில் எது வந்தது என்று பார்த்து அதையே வாங்கினால் காரியம் முடிந்தது. அந்தக் கிளட்ச்சுக்கு எஞ்சினின் டார்க்கை விடக் கொஞ்சம் கூடுதல் தாங்குதிறன் ஏற்கெனவே உண்டு.

4. பவரைப் பார்க்கணுமா, டார்க்கைப் பார்க்கணுமா?

டார்க். குதிரைத்திறன் எண் கிளட்ச்சுக்கு அநேகமாக ஒன்றுமே சொல்லாது. 7500 ஆர்பிஎம்மில் 300 குதிரைத்திறன் தரும் டர்போ இல்லாத எஞ்சினும், அதே 300-ஐத் தரும் டர்போ எஞ்சினும் கிளட்ச்சின் கண்ணில் ஒன்றில்லை. டர்போ எஞ்சின் மிகக் குறைந்த ஆர்பிஎம்மிலேயே மிக அதிக டார்க்கைக் கொண்டுவந்து கொட்டும்.

எந்த இடத்தில் அளந்த டார்க் என்பதையும் கவனியுங்கள். கிளட்ச் செய்பவர்கள் சொல்லும் தாங்குதிறன் பொதுவாக எஞ்சின் பக்கத்து டார்க். டைனோ என்ற உருளை மேடையில் காரை ஏற்றி அளந்தது சக்கரத்து டார்க். நடுவில் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் கொஞ்சம் தின்றுவிடும், தோராயமாக 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். சக்கரத்தில் 400 நியூட்டன் மீட்டர் என்றால் எஞ்சினில் சுமார் 470. அதற்கு மேல் 20 முதல் 30 சதவீதம் இடைவெளி விட்டு, 570-லிருந்து 610 வரை தாங்கும் கிளட்ச்சைத் தேடலாம். அதற்கும் மேலே போகப் போக பெடலும் ஓட்டும் சுகமும்தான் கெடும்.

5. அந்தத் தாங்குதிறன் எண்ணை எப்படிக் கணக்குப் போடறாங்க? நம்பலாமா?

கணக்கு எளிது. உராய்வுக் குணகம், பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, பிளேட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. நான்கையும் பெருக்கினால் டார்க் கிடைக்கும். ஒரு பிளேட்டுக்கு இரண்டு முகம். குணகம் 0.3, விசை 8000 நியூட்டன், சராசரி ஆரம் 0.1 மீட்டர், முகங்கள் 2 என்றால் 480 நியூட்டன் மீட்டர்.

இதை வைத்துக்கொண்டு எல்லா விளம்பரத்தையும் படிக்கலாம், ஏனென்றால் யார் என்ன சொல்லி விற்றாலும் இந்த நான்கில் ஒன்றைத்தான் கூட்டியிருப்பார்கள். உராயும் பொருளை மாற்றிக் குணகத்தை 0.4 ஆக்கினால் 640 வரும், ஆனால் மென்மை போகும். விசையைக் கூட்டினால் பெடல் கனக்கும். ஆரத்தைக் கூட்ட கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கில் இடம் வேண்டும், அது அநேகமாக இருக்காது. முகங்களை நான்காக்கினால் அது ட்வின் பிளேட், 960 வரும், விலையும் ஏறும். எதையும் விட்டுக்கொடுக்காமல் தாங்குதிறன் மட்டும் கூடியது என்று ஒருவர் சொன்னால், இந்த நான்கில் எதை மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

நம்பலாமா என்றால், கிளட்ச் கொஞ்சம் ஓடிப் பழகிச் செட்டாகி, அளவான சூட்டில் இருக்கும்போது நம்பலாம். சூடு ஏற ஏற குணகம் மாறும். பெட்டியில் அச்சிட்ட எண் ஓர் எண்தான், உங்கள் கிளட்ச் நாள் முழுக்க அதே எண்ணில் இருக்காது.

6. ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3ன்னு போட்டிருக்கே, எனக்கு எது?

இதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஸ்டேஜ் 2 இன்னொன்றின் ஸ்டேஜ் 1-ஐ விடக் குறைவாகத் தாங்கலாம். நியூட்டன் மீட்டர் எண், உராயும் பொருள், நடுவில் ஸ்பிரிங் உண்டா இல்லையா, இந்த மூன்றையும் கேளுங்கள். விற்பவர் எண்ணைச் சொல்லாமல் ஸ்டேஜையே திரும்பச் சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

7. ஆர்கானிக், கெவ்லார், செராமிக்... குழப்பமா இருக்கு. சாலைக்கு எது?

பத்தில் எட்டுப் பேருக்கு ஆர்கானிக். கண்ணாடி இழை, செம்புக் கம்பித் துணுக்கு, பிசின் எல்லாம் சேர்த்து அழுத்திய வட்டம் அது, கார் கம்பெனிகள் போடுவதும் இதுதான். மெதுவாக, வழவழவென்று பிடிக்கும். ஹாஃப் கிளட்ச்சில் ஊர்ந்து போவதைப் பொறுத்துக்கொள்ளும். குறை என்னவென்றால், அதிகச் சூட்டில் பிசின் கருகி பிடி தளரும். காருக்குள் அந்தத் தீய்ந்த வாடை வந்தால் அதுதான். ஒன்றிரண்டு முறை என்றால் ஆறிய பிறகு பெரும்பாலும் பிடி திரும்பும். தரமான ஆர்கானிக் பிளேட்டோடு சற்று விசை கூடிய பிரஷர் பிளேட்டைச் சேர்த்தால், ரீமேப் மட்டும், அதாவது எஞ்சின் கணினியின் மென்பொருள் மாற்றம் மட்டும் செய்த பெரும்பாலான கார்களுக்கு அதுவே போதும்.

கெவ்லார் என்ற வலுவான செயற்கை இழை மிக மெதுவாகத் தேயும், பிடிப்பும் மென்மை. ஆனால் கெவ்லாருக்குப் பொறுமை வேண்டும். செட்டாக நீண்ட தூரம் எடுக்கும், அதற்குள் அவசரப்பட்டு மிதித்துச் சூடாக்கினால் முகம் கண்ணாடி போல் பளபளத்துப் போகும். அதற்குப் பிறகு பழைய பிடியைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம்.

செராமிக் என்று கடையில் சொல்வது உண்மையில் உலோகத்தூளும் செராமிக்கும் சேர்த்துச் சுட்ட பட்டைகள். குணகம் அதிகம், சுமார் 0.35-லிருந்து 0.5 வரை. சூட்டையும் தாங்கும். ஆனால் இதற்கு நடுநிலை தெரியாது. பிடித்தால் பிடித்தது, விட்டால் விட்டது. நெரிசலில் ஒவ்வொரு முறை நகரும்போதும் கார் ஒரு குலுக்கு குலுக்கும், ஃப்ளைவீல் முகத்தையும் சீக்கிரம் தின்னும். வாரம் முழுக்க ஆபீசுக்குப் போய் வரும் காரில் இதைப் போட்டவர்கள் ஒரு வருடத்தில் கழற்றுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு முகத்திலும் வெவ்வேறு பொருள் வைத்த கலப்புப் பிளேட்டுகளும் உண்டு. காகிதத்தில் நல்ல சமரசம், ஓட்டும்போது செராமிக் முகத்தின் குணம்தான் தூக்கலாகத் தெரியும் என்பது என் கருத்து.

8. பிளேட் நடுவுல இருக்கிற ஸ்பிரிங் எதுக்கு? சில ரேஸ் பிளேட்ல அது இல்லையே?

எஞ்சின் சீராகத் தள்ளுவதில்லை, ஒவ்வொரு சிலிண்டர் வெடிப்புக்கும் ஒரு உதை உதைக்கிறது. அந்த உதையை கியர்பாக்ஸுக்குப் போகாமல் வாங்கிக்கொள்வது நடுவில் வட்டமாக உட்கார்ந்திருக்கும் அந்த ஸ்பிரிங்குகள். அவை இல்லாத பிளேட் எடை குறைவு, கியர் வேகமாக விழும், உடைய ஒன்றும் இல்லை. பதிலுக்கு ஒவ்வொரு அதிர்ச்சியும் நேராகக் கியர் பற்களில் இறங்கும். சாலைக் காருக்கு ஸ்பிரிங் உள்ளதையே வாங்குங்கள்.

இன்னொன்று வெளியே தெரியாமல் இருக்கிறது. இரண்டு உராய்வு வட்டங்களுக்கும் நடுவில் அலை அலையாக வளைத்த மெல்லிய எஃகுத் தகடுகள் இருக்கும். பிரஷர் பிளேட் அழுத்தும்போது இவை கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாவதால்தான் கிளட்ச் படிப்படியாகப் பிடிக்கிறது. நான்கு பட்டை, ஆறு பட்டை வைத்த பல பிளேட்டுகளில் இந்த அலைத்தகடே கிடையாது. 7-இல் சொன்ன குலுக்கலுக்குப் பொருளோடு சேர்ந்து இதுவும் ஒரு காரணம்.

9. ஹெவி டியூட்டி பிரஷர் பிளேட் போட்டா கால் வலிக்குமா?

கொஞ்சம் கனக்கும், அது பழகிவிடும். காலுக்கு அப்பால் நடப்பதுதான் முக்கியம். நீங்கள் பெடலை மிதிக்கும்போது அந்த விசை ரிலீஸ் பேரிங் வழியாக கிராங்க் ஷாஃப்டை முன்னோக்கித் தள்ளுகிறது. அதைத் தாங்குவது எஞ்சினுக்குள் இருக்கும் த்ரஸ்ட் பேரிங். சில எஞ்சின்களில் அது அவ்வளவு திடமானதில்லை, கடினமான பிரஷர் பிளேட்டோடு வருடக்கணக்கில் ஓட்டினால் தேய்ந்து, கிராங்க் முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும். அதன் பிறகு செலவு கிளட்ச் செலவாக இருக்காது. உங்கள் எஞ்சினுக்கு இந்தப் பலவீனம் உண்டா என்று அதே எஞ்சின் வைத்திருப்பவர்களிடம் விசாரியுங்கள்.

சிக்னலில் பெடலை மிதித்தபடியே நிற்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்தால் பேரிங்குகளும் பிழைக்கும்.

10. ட்வின் பிளேட் எப்ப தேவை?

5-இல் பார்த்தபடி முகங்கள் இரட்டிப்பானால் அதே விசைக்கு இரட்டிப்புத் தாங்குதிறன். அதனால் பெடலைக் கனக்க வைக்காமலும், உராயும் பொருளை மென்மையாகவே வைத்துக்கொண்டும் 700, 800 நியூட்டன் மீட்டரைத் தாங்க முடிகிறது. இல்லாவிட்டால் விட்டத்தைக் குறைத்து எடையைக் குறைக்கலாம். போர்ஷே கரேரா ஜிடியில் இரண்டு பிளேட் வைத்த செராமிக் கிளட்ச், விட்டம் வெறும் 169 மி.மீ. எஞ்சின் சட்டென்று ஏறி இறங்குவதற்கு அது காரணம். அந்தக் காரை நகர்த்தும்போது எஞ்சின் அணைந்துபோகும் என்று பேர் வாங்கியதற்கும் அதுவே காரணம்.

சாலைக்கு வாங்கும்போது இரண்டைக் கேளுங்கள். பிளேட்டுகளில் நடு ஸ்பிரிங் உண்டா? இரண்டு பிளேட்டுக்கும் நடுவில் மிதக்கும் தகட்டைப் பட்டைகளால் பிடித்திருக்கிறார்களா, வெறுமனே பற்களில் தொங்குகிறதா? வெறுமனே தொங்கினால் பெடலை மிதித்ததும் கடகட சத்தம் கேட்கும். கெடுதல் இல்லை, ஆனால் பக்கத்தில் உட்காருபவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

11. ஃப்ளைவீலை மாத்தணுமா, கடைசல் பிடிச்சா போதுமா?

ஒரே துண்டான ஒற்றை நிறை (சிங்கிள் மாஸ்) ஃப்ளைவீல் என்றால், விரிசல் இல்லாமல், தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்சத் தடிமனுக்குள் இருந்தால் முகத்தைச் சீவிக்கொள்ளலாம். நீலநிறத் திட்டுகள் சூடு பட்ட இடங்கள், அங்கே உலோகம் கெட்டிப்பட்டிருக்கும். மேலோட்டமாகத் தேய்த்தால் நிறம் போகும், கெட்டி போகாது, புதுப் பிளேட் அதன்மேல் அதிரும். கடைசலை விட அரைவைக் கல்லில் முகம் எடுப்பது இதற்கு நல்லது. பிரஷர் பிளேட் மாட்டும் இடம் தனிப் படியாக உள்ள ஃப்ளைவீலாக இருந்தால் முகத்தில் எவ்வளவு எடுத்தார்களோ அவ்வளவு படியிலும் எடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் பிரஷர் பிளேட்டின் அழுத்தமே மாறிவிடும்.

12. டூயல் மாஸ் ஃப்ளைவீலைத் தூக்கிட்டு சிங்கிள் மாஸ் போடலாமா?

எதற்காக என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். டூயல் மாஸ் என்பது நடுவில் வளைந்த ஸ்பிரிங்குகள் வைத்த இரண்டு துண்டு ஃப்ளைவீல், எஞ்சினின் உதைகளை விழுங்குவது அதன் வேலை. 8-இல் சொன்ன பிளேட் ஸ்பிரிங்கின் வேலையை இன்னும் நன்றாகச் செய்யும். பெரும்பாலும் சீவ முடியாது. இரண்டு துண்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு ஆடுகிறது என்பதற்கு வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் மாற்றத்தான் வேண்டும்.

ரீமேப் செய்து டார்க் நிறையக் கூடியிருந்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள் கடைசி வரை நசுங்கி இடிக்கும், அப்போது சிங்கிள் மாஸுக்கு மாறுவது நியாயம். பதிலுக்கு, நியூட்ரலில் பெடலிலிருந்து காலை எடுத்து நிற்கும்போது கியர்பாக்ஸிலிருந்து கடகடவென்று வரும், பெடலை மிதித்தால் நின்றுவிடும். ட்வின் பிளேட் சத்தம் இதற்கு நேர் எதிர். எந்தச் சத்தம் எதிலிருந்து என்று பிரித்தறிய இதுவே போதும். டீசல் டர்போக்களில் இந்த அதிர்வு அதிகம், அவற்றில் டூயல் மாஸையே வைத்துக்கொள்ளச் சொல்வேன். சிங்கிள் மாஸ் போட்டால் நடுவில் ஸ்பிரிங் உள்ள பிளேட் கட்டாயம்.

13. லைட்வெயிட் ஃப்ளைவீல் போட்டா பவர் கூடுமா?

கூடாது. எஞ்சின் வேகமாக ஏறும், கீழ் கியர்களில் கார் சற்றுத் துடிப்பாக இருக்கும், மேல் கியர்களில் வித்தியாசம் தெரியாது. எடை குறையக் குறைய காரை நகர்த்தும்போது எஞ்சின் அணையும், அதைத் தவிர்க்க நீங்கள் ஆர்பிஎம்மை ஏற்றுவீர்கள், அது கிளட்ச்சுக்குக் கூடுதல் சூடு. கொஞ்சம் குறைத்தால் இனிமை, பாதியாக்கினால் தொல்லை. வார்ப்பிரும்பு ஃப்ளைவீலைப் பட்டறையில் கொடுத்து எடை குறைப்பதை மட்டும் செய்யாதீர்கள். அதிக ஆர்பிஎம்மில் அது சிதறினால் பெல் ஹவுசிங் தடுக்காது.

14. புது கிளட்ச் போட்டும் அதிக ஆர்பிஎம்ல கியர் விழ மாட்டேங்குது. கிளட்ச் தப்பா?

பெரும்பாலும் ஹைட்ராலிக். கடினமான பிரஷர் பிளேட்டைத் தள்ளுவதற்கு அழுத்தம் அதிகம் வேண்டும், பெடல் பக்கத்தில் உள்ள பழைய மாஸ்டர் சிலிண்டரின் சீல் வழிய விடும், ரப்பர் குழாய் உப்பும். பெடல் முழுக்கப் போனாலும் பேரிங் போதுமான தூரம் நகராது. எஃகுப் பின்னல் குழாய், புதிய மாஸ்டர், கியர்பாக்ஸ் பக்கத்தில் பேரிங்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரும் புதிது, நன்றாகக் காற்றெடுத்த புது ஆயில், இவற்றைக் கிளட்ச்சோடு சேர்த்தே செய்வது நல்லது. ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்ளே இன்புட் ஷாஃப்டைச் சுற்றி இருக்கும் வகையென்றால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். அது பிறகு கசிந்தால் கியர்பாக்ஸ் மறுபடி கீழே வரும்.

சில கார்களில் ஓட்டுநர் காலைச் சட்டென்று எடுத்தாலும் கிளட்ச் மெதுவாகப் பிடிக்கட்டும் என்று குழாயில் ஒரு சிறு தடை வால்வு இருக்கும். வேகமாக கியர் மாற்றும்போது அது கிளட்ச்சை அரை நொடி வழுக்க விடும். அதை எடுத்துவிட்டுப் பார்த்தவர்கள் சிலருக்குப் பிரச்சினையே தீர்ந்திருக்கிறது. மாறாக, பேரிங் அளவுக்கு மேல் நகர்ந்தாலும் டயஃப்ரம் விரல்கள் வளைந்து கெடும். செட்டோடு பெடல் ஸ்டாப் கொடுத்திருந்தால் அதை ஓரத்தில் வைத்துவிடாமல் அளந்து பொருத்துங்கள்.

15. மெக்கானிக்கிட்ட என்ன சொல்லி வேலை வாங்கணும்?

நல்ல மெக்கானிக் என்றால் சொல்லவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: ஃப்ளைவீல் போல்ட் புதுசு போடுவீர்களா, டார்க் ரெஞ்ச் வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகப் படிப்படியாக இறுக்குவீர்களா? பிரஷர் பிளேட்டிலும் ஃப்ளைவீலிலும் துரு பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். இன்புட் ஷாஃப்டின் வரிப்பற்களில் கிரீஸ் மிக மெல்லிதாக, விரல் வைத்தால் தடம் தெரியும் அளவுக்கு மட்டும். பிதுங்கினால் சுழலும்போது பறந்து பிளேட்டில் ஒட்டும்.

ஏற்றும்போது கியர்பாக்ஸின் முழு எடையும் பிளேட்டின் நடுவில் தொங்கக் கூடாது. ஒரு கணம் தொங்கினாலும் தகடு வளையும், அதன் பிறகு கிளட்ச் ஒருபோதும் முழுதாக விலகாது. தேய்மானத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வகைப் பிரஷர் பிளேட்டென்றால் அதற்கென்று ஒரு கருவி உண்டு. அது இல்லாமல் போல்ட்டை மட்டும் இறுக்கினால், புதுக் கிளட்ச் தேய்ந்துவிட்டதாக நினைத்துத் தன்னை முன்கூட்டியே சரிசெய்துகொண்டுவிடும்.

16. புது கிளட்ச்சை எவ்வளவு தூரம் மெதுவா ஓட்டணும்?

பெட்டியில் உள்ள தாளில் என்ன இருக்கிறதோ அதுதான். ஆர்கானிக்குக்கு 500-லிருந்து 1000 கி.மீ. வரை சொல்வார்கள், கெவ்லாருக்கு இன்னும் அதிகம். கி.மீ. கணக்கை விட எத்தனை முறை நின்று நகர்ந்தீர்கள் என்பது முக்கியம். நெடுஞ்சாலையில் ஒரே கியரில் 800 கி.மீ. ஓடினால் கிளட்ச் ஒன்றும் செட்டாகியிருக்காது. நகரத்தில் நிறுத்தி நகர்த்தி ஓட்டுங்கள், முழு ஆக்சிலரேட்டர் வேண்டாம், அவ்வளவுதான்.

17. செட் ஆன பிறகும் நகரும்போது ஜட்டர் வருது. ஏன்?

அந்த உதறல் எப்போது வருகிறது என்று பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது மட்டும் வந்து சூடானதும் போய்விட்டால், செராமிக், கலப்புப் பிளேட்டுகளில் அது இயல்பு. எப்போதும் வந்தால் 11-இல் சொன்ன ஃப்ளைவீல் திட்டுகள், எண்ணெய், 15-இல் சொன்ன வளைந்த தகடு என்று போகும் பட்டியல். அதற்கும் முன் எஞ்சின், கியர்பாக்ஸ் மவுண்ட்டுகளைப் பாருங்கள். கிழிந்த ரப்பர் மவுண்ட் செய்யும் ஆட்டத்துக்குக் கிளட்ச் பழி ஏற்பது அடிக்கடி நடக்கிறது.

18. ட்ராக்கில் ஓட்டினா சீக்கிரம் போயிடுமா? லாஞ்ச் பண்ணா?

ட்ராக்கில் சுற்றுவது கிளட்ச்சுக்குப் பெரிய விஷயமே இல்லை. பிடித்திருக்கும் கிளட்ச்சில் வழுக்கல் இல்லை, சூடும் இல்லை. நின்ற இடத்திலிருந்து எஞ்சினை முடுக்கிப் பாயும் லாஞ்ச்தான் கொல்லும். எஞ்சினை ஒரே ஆர்பிஎம்மில் வைத்துக்கொண்டு கிளட்ச்சால் காரை அந்த வேகத்துக்கு இழுத்தால், காருக்குக் கிடைத்த அதே அளவு ஆற்றல் கிளட்ச்சில் சூடாகிறது. 1500 கிலோ கார், முதல் கியரில் 2000 ஆர்பிஎம்முக்கு 15 கி.மீ. வேகம் என்றால் சுமார் 13 கிலோஜூல். அதையே 4000 ஆர்பிஎம்மில் செய்தால் 30 கி.மீ. வேகம், 52 கிலோஜூல். ஆர்பிஎம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. நான்கு சக்கரமும் இழுக்கும் காரில் டயர் வழுக்கிக் காப்பாற்றாது, எல்லாம் கிளட்ச்சின் தலையில்தான். ஒட்டும் டயர் போட்டாலும் அதே கதை.

மேட்டில் பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே காரை நிறுத்தி வைப்பதும் இதே பட்டியல்தான், சத்தமில்லாமல் நடப்பதால் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

19. அடுத்த வருஷம் பெரிய டர்போ போடலாம்னு இருக்கேன். இப்பவே அதுக்கேத்த கிளட்ச் வாங்கிடவா?

டர்போ கையில் இருந்தால் வாங்குங்கள். யோசனை மட்டும்தான் என்றால் இன்றைய டார்க்குக்கு 30 சதவீதம் மேலே நிறுத்திக்கொள்ளுங்கள். 400 நியூட்டன் மீட்டர் எஞ்சினில் 900 தாங்கும் செராமிக் கிளட்ச்சோடு நெரிசலில் ஊர்ந்துகொண்டு, வராத டர்போவுக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். முடிவு நிச்சயம் என்றால் ஆர்கானிக் ட்வின் பிளேட் நல்ல நடுவழி, இன்றைக்கும் ஓட்டலாம், நாளைக்கும் தாங்கும்.

20. என் காரில் ட்யூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக். இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

4-இல் சொன்ன டார்க் கணக்கு பொருந்தும், மற்றது கொஞ்சம்தான். டிஎஸ்ஜி என்ற ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ட்யூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் வகைகளையே பாருங்கள். எண்ணெயில் நனையும் 6 கியர் டிக்யூ250-க்கு 350 நியூட்டன் மீட்டர் வரம்பு, உலர்ந்த கிளட்ச் வைத்த 7 கியர் டிக்யூ200-க்கு 250. எண்ணெயில் நனையும் வகையில் பிளேட் அடுக்கை மாற்றலாம். பிடிக்கும் அழுத்தத்தைக் கணினி முடிவு செய்வதால் அதன் மென்பொருளையும் சேர்த்து மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு ஸ்கேன் கருவி வைத்துப் பிடிக்கும் புள்ளியைக் கற்றுக்கொடுக்காவிட்டால் புதுப் பிளேட்டும் உதறும். உலர்ந்த வகையில் டார்க்கைக் கூட்டாமலிருப்பதே நல்லது.

21. வலுவான கிளட்ச் போட்டா அடுத்து எது உடையும்?

கியர்பாக்ஸ் அல்லது டிரைவ் ஷாஃப்ட். தேய்ந்த ஸ்டாக் கிளட்ச் ஒரு எல்லையில் வழுக்கிவிடும், அந்த வழுக்கல் பின்னால் உள்ள எல்லாவற்றையும் காப்பாற்றிக்கொண்டிருந்தது. 900 நியூட்டன் மீட்டர் கிளட்ச்சை அதிக ஆர்பிஎம்மில் சட்டென்று விட்டால், எஞ்சின் தருவது 500 ஆனாலும், சுழலும் ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றலும் சேர்ந்து 900 வரை கியர் பற்களில் இறங்கும். அதனால் கிளட்ச்சின் எண்ணைப் பார்க்கும்போதே உங்கள் கியர்பாக்ஸின் டார்க் வரம்பையும் பாருங்கள். கிளட்ச் அதைவிட இரண்டு மடங்கு பெரிதென்றால் சின்னதாக ஒன்றை வாங்குங்கள். கழற்றி மாட்டுவதில் கிளட்ச்தான் எப்போதும் மலிவு.